ஆல்பத்துச் சிவப்பு: பர்கூர் சேலைப் படங்களில் பழைய ஃபிலிம் நிறம்

பர்கூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் ஆவணி முகூர்த்தங்களைக் குறிவைத்து ஒரு வேலை கொடுத்தார். பட்டும் சில்க் காட்டனுமாகத் தேர்ந்தெடுத்த சேலைகளை மாடலுக்குக் கட்டிப் படம் எடுத்துத் தர வேண்டும். இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் கேட்லாக், கடை முகப்பு ஃப்ளெக்ஸ் என மூன்று இடத்துக்கும் அதே படங்கள்தான்.

"எங்க பெரியக்கா கல்யாண ஆல்பம் இருக்கு தம்பி, எண்பதாம் வருஷத்துக்குப் பக்கத்துல எடுத்தது. அந்தக் கலர் வரணும். ஆனா சேலை கலர் மட்டும் மாறக்கூடாது. படத்துல ஒண்ணு, கையில ஒண்ணுன்னு திருப்பிக்கிட்டு வந்து நிப்பாங்க."

அவர் கேட்ட இரண்டும் ஒன்றோடொன்று மோதுபவை. பத்திரிகைக்கு எடுக்கும் ஃபேஷன் படத்தில் நிறத்தை நம் இஷ்டத்துக்கு வளைக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. துணி விற்கிற படத்தில் கத்திரிப்பூ நிறம் கத்திரிப்பூவாகவே இருந்தாக வேண்டும். அப்படியும் பழைய நிறம் கொடுக்க வழி இருக்கிறதா என்று பார்த்த வேலை இது.

எந்தப் பழசு?

ஆல்பத்தோடு கூட, அவர் மகன் போனில் சேர்த்து வைத்திருந்த படங்களையும் காட்டினார். ஒரு பழைய சினிமா ஸ்டில், வெளுத்துப்போன சிவகாசிக் காலண்டர் ஒன்று, வெளிநாட்டு ஃபேஷன் பக்கங்களிலிருந்து எடுத்த சில படங்கள். அவரைப் பொறுத்தவரை எல்லாமே 'அந்தக் காலத்துக் கலர்'. நிற வேலை செய்பவர் கண்ணுக்கு இவை ஒன்றுக்கொன்று எதிரானவை.

ஆல்பத்துப் படங்கள் சிவந்திருந்தன. அன்றைய வண்ணப் பிரிண்ட் தாளில் சயான் (பச்சை கலந்த நீலம்), மஜென்டா (ஊதா கலந்த ரோஸ்), மஞ்சள் என மூன்று சாயங்கள் இருக்கும். வெளிச்சம் படாத பீரோவில் கிடந்தாலும் அந்தக் காலத் தாள்களில் சயான் சாயம் மற்ற இரண்டையும்விட வேகமாகக் கரைந்தது. சயானின் வேலை சிவப்பு ஒளியை விழுங்குவது. அது குறைந்தால் படம் முழுக்கச் சிவப்பு ஏறும். 1980களின் நடுவிலிருந்துதான் தாள் தயாரிப்பாளர்கள் இதை ஓரளவு சரிசெய்தார்கள்.

காலண்டர் இதற்கு நேரெதிர், நீலம் பாரித்திருந்தது. அது அச்சு மை. வெயில் பட்டால் மஞ்சளும் மஜென்டாவும் முதலில் போய்விடும், சயானும் கறுப்பும் மிஞ்சும். சலூன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் முடிவெட்டு மாடல் போஸ்டர்கள் எல்லாம் நீலமாகவே இருப்பது இதனால்தான். சினிமா ஸ்டில்லும் வெளிநாட்டுப் படங்களும் வேறு வகை. பின்னதில் பாதி, பழசே இல்லை. டிஜிட்டலில் எடுத்து, கறுப்பைச் சாம்பலாக்கி, வெளிச்சத்தைச் சுற்றி ஆரஞ்சு வளையம் போட்டவை.

நான்கையும் கலந்து ஒரு ப்ரீசெட் (ஒரே தட்டில் நிறம் மாற்றும் ஆயத்த அமைப்பு) தட்டினால் எதைப் போலவும் இல்லாத ஒரு மங்கல்தான் கிடைக்கும். ஆல்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஓரம்கட்டினோம்.

ஆல்பத்துக்குள்ளேயே இரண்டு சங்கதிகள் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்று, ஃபிலிமும் தாளும் புதிதாக இருந்த அன்றைக்குக் கொடுத்த நிறம். இன்னொன்று, அதன்பின் நாற்பது வருஷத்தில் சாயம் போனதால் வந்த நிறம். கடைக்காரர் மனசில் இருப்பது இரண்டாவது. சேலைக்கு ஆபத்தும் அதில்தான். முதலாவதைச் சேலையோடு சேர்த்துப் படம் முழுக்கக் கொடுக்கலாம், இரண்டாவதை மட்டும் துணிமேல் படாமல் தள்ளி வைக்கலாம் என்பதுதான் நான் பிடித்துக்கொண்ட நூல்.

படப்பிடிப்பிலேயே பாதி

எடிட்டிங்கில் கொண்டுவர முடியாத ஒன்று அந்த ஆல்பத்தில் இருந்தது: நேரடி ஃப்ளாஷ். மணமேடையில் நிற்பவர்களின் பின்னால் சுவரில் கறுப்பாக, விளிம்பு வெட்டினாற்போல் நிழல் விழுந்திருக்கும். முகத்தில் மேடு பள்ளம் தெரியாது. நெற்றிச்சுட்டியும் மூக்குத்தியும் மட்டும் பளிச்சென்று வெடித்திருக்கும். இப்போது எல்லாரும் பெரிய சாஃப்ட்பாக்ஸ் போட்டு எடுத்துவிட்டு நிறத்தை மட்டும் பழசாக்குகிறார்கள். கண் ஏமாறுவதில்லை.

ஆகவே காவேரிப்பட்டணத்தில் ஒரு பழைய திண்ணை வீட்டில் எடுத்த உள்படங்களுக்குச் சிறிய ஃப்ளாஷைத் துணி, குடை எதுவும் மூடாமல் லென்சுக்குச் சற்று மேலே பிடித்தோம். மாடலைச் சுவரை ஒட்டி நிறுத்தினோம். சந்தூர்ப் பக்கம் மாந்தோப்பில் எடுத்த வெளிப்படங்களுக்கும் அதே ஃப்ளாஷ், இலை நிழலைக் கொஞ்சம் தூக்கிவிடும் அளவுக்கு. தோப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு அழகு மட்டும் காரணமில்லை. பச்சை நிறையத் தேவைப்பட்டது. ஏன் என்பது கீழே வரும்.

எல்லாம் ரா ஃபைல், அதாவது கேமரா எதையும் திருத்தாமல் சேமித்த மூலப் படம். ஒளி மாறும் ஒவ்வொரு முறையும் கலர் செக்கர் அட்டையை (அளவு தெரிந்த நிறக் கட்டங்கள் கொண்டது) மாடல் கையில் கொடுத்து ஒரு படம். ஜரிகை வெளுத்துவிடாதபடி எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்கியே வைத்தோம். நெகட்டிவ் ஃபிலிம் அதிக வெளிச்சத்தை மெல்ல மெல்ல வளைத்து வாங்கிக்கொள்ளும். டிஜிட்டல் சென்சார் ஒரு அளவுக்கு மேல் பட்டென்று வெள்ளை அடித்துவிடும், அப்புறம் அங்கே தங்கமும் இல்லை, நூலும் இல்லை.

சேலைகளையும் கூடவே எடுத்து வந்து எடிட்டிங் மேசைக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்துக்கொண்டோம். கடையின் எல்இடி வெளிச்சத்தில் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. அதில் பாட்டில் பச்சை ஒரு மாதிரியும் வாசலில் வேறு மாதிரியும் தெரியும், வாங்க வருகிறவர்களே அதனால்தான் சேலையைத் தெருவுக்குத் தூக்கி வந்து பார்க்கிறார்கள்.

புது ஃபிலிமின் நிறம்

முதல் அடுக்கு ஃபிலிம் புதிதாக இருந்தபோது கொடுத்த நிறம். இதில் பலர் தடுமாறுகிற இடம் சேச்சுரேஷன், அதாவது நிறத்தின் அழுத்தம்.

ஃபிலிமிலும் தாளிலும் நிறம் சாயத்தால் ஆனது. சிவப்பு அழுத்தமாக வேண்டுமென்றால் அங்கே சாயம் அதிகம் சேர வேண்டும், சாயம் சேரச் சேர ஒளி குறையும். அழுத்தமான நிறம் என்றாலே இருண்ட நிறம். டிஜிட்டலில் சேச்சுரேஷன் ஸ்லைடரை ஏற்றினால் சிவப்பு அழுத்தமாகிக்கொண்டே ஒளிரவும் செய்யும், டியூப் லைட் உள்ளே எரிகிற மாதிரி. 'டிஜிட்டலாத் தெரியுது' என்று பெயர் சொல்லத் தெரியாமல் ஜனங்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

அதனால் ஸ்லைடரைத் தொடவில்லை. லைட்ரூமில் நியூட்ரல் ப்ரொஃபைலில் படத்தைத் திறந்து, வெள்ளைச் சமநிலையை அட்டையிலிருந்து எடுத்து, போட்டோஷாப்புக்கு அனுப்பினோம். அங்கே ஒவ்வொரு நிறத்தையும் தனியாகத் திருத்தும் செலக்டிவ் கலரில் சிவப்பு, மஜென்டா, பச்சை ஆகிய மூன்றிலும் கறுப்பை மட்டும் 8 முதல் 15 வரை ஏற்றினோம். நிறத்தின் சாயல் அப்படியே நிற்கும், அடர்த்தி மட்டும் ஏறும். அரக்குச் சேலையின் மடிப்புகளுக்கு இதிலேயே பாதி உயிர் வந்துவிட்டது.

அதன்மேல் இருட்டையும் வெளிச்சத்தையும் சற்றுப் பிரித்துக் காட்டும் ஒரு மெல்லிய எஸ் வளைவு. மேல் முனையைக் கொஞ்சம் உருட்டிவிட்டோம். கீழ் முனையைத் தூக்கவில்லை. புதிதாகக் கழுவி வந்த தாளில் கறுப்பு நல்ல கறுப்பாகவே இருந்தது. சாம்பல் பூத்த கறுப்பு போன் ஆப் காலத்து அடையாளம், அதற்கும் ஃபிலிமுக்கும் தொடர்பு குறைவு.

தோல் நிறத்துக்கு ஒரு வார்த்தை. காசு கொடுத்து வாங்கிய ப்ரீசெட் தொகுப்பு ஒன்றை முதலில் ஒப்புக்குப் போட்டுப் பார்த்தோம். மாடலின் மாநிறம் செங்கல் நிறமானது. அந்தத் தொகுப்பு வெள்ளைத் தோலை ஆரஞ்சுப் பக்கம் தள்ளி இதமாக்கச் செய்யப்பட்டது. இது இன்றைய கோளாறும் இல்லை. லேப்களில் நிறச் சமநிலை பார்க்க கோடாக் கொடுத்த 'ஷெர்லி' அட்டைகளில் பல காலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்களின் முகம்தான். கருமையான தோலுக்கு அளவுகோலே வைக்காமல் ஒரு தொழில் வெகுநாள் ஓடியிருக்கிறது. நாங்கள் ப்ரீசெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, கன்னத்தில் ஐட்ராப்பர் (நிற எண்ணைக் காட்டும் கருவி) வைத்து சிஎம்ஒய்கே எண்களை, அதாவது சயான், மஜென்டா, மஞ்சள், கறுப்பின் அளவுகளைப் பார்த்தோம். மஞ்சள் மஜென்டாவைவிட ஒரு படி அதிகம், சயான் அவற்றில் பாதிக்குப் பக்கம்: நம் ஊர் மாநிறத்துக்கு அந்த விகிதம் ஒத்துவந்தது. மஜென்டா மஞ்சளைத் தாண்டினால் முகம் வெந்த மாதிரி ஆகிவிடும்.

வயதைத் தனியாகப் பிரித்தது

இரண்டாவது அடுக்குதான் இந்த வேலையின் மையம். வயதான நிறத்தைக் கண்ணால் அனுமானிக்காமல் ஆல்பத்திடமே கேட்டோம்.

மேடைக்குப் பக்கத்தில் சீர்வரிசை வைத்த படம் ஒன்று இருந்தது. எவர்சில்வர் குடம், அண்டா, சம்புடம் என்று அடுக்கியிருந்தார்கள். எவர்சில்வர் நடுநிலைச் சாம்பல்; படம் எடுத்த அன்றைக்கு அதில் எந்தச் சாயலும் இருந்திருக்காது. மாப்பிள்ளையின் வேட்டி வெள்ளை, தலைமுடி கறுப்பு. வெள்ளை, சாம்பல், கறுப்பு மூன்றும் ஒரே படத்தில் கிடைப்பது அதிர்ஷ்டம். அதை 16 பிட் டிஃப்பாக, ஸ்கேனரின் தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஸ்கேன் செய்தோம்.

0 என்றால் முழு இருட்டு, 255 என்றால் முழு வெளிச்சம் என்ற கணக்கில், முடியில் சிவப்பு 90ஐத் தாண்டி நின்றது. பச்சையும் நீலமும் 45க்குப் பக்கத்தில். எவர்சில்வரின் நிழல் பக்கத்திலும் சிவப்பு தூக்கல்தான், ஆனால் இடைவெளி குறைவு. வேட்டியில் சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்டச் சேர்ந்திருக்க, நீலம் மட்டும் 200க்கு இறங்கியிருந்தது. காரணம் எளிது. கருமையான இடத்தில் மூன்று சாயமும் நிறைய இருந்தது, அதனால் சயான் இழப்பும் அங்கே அதிகம். வெள்ளையில் இழக்கச் சாயமே இல்லை. தாள் பழுப்பேறியதால் வந்த மஞ்சள் மட்டும்.

இதை கர்வ்ஸில் (சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு சேனலின் ஒளியையும் கோடு வளைத்து மாற்றும் கருவி) எழுதினால் இரண்டே அசைவு. சிவப்பு சேனலின் கீழ் இடது முனையை மேலே தூக்கி, நடுப்பகுதியைச் சற்று உப்பவிடுவது. நீல சேனலின் மேல் வலது முனையைக் கீழே இறக்குவது. ஆல்பத்தின் முழு அளவுக்குப் போனால் படம் நோயாளி மாதிரி ஆகிறது, ஆகவே சிவப்பின் முனையை 30க்கும் நீலத்தின் முனையை 232க்கும் வைத்து நிறுத்தினோம். பச்சை சேனலை அசைக்கவே இல்லை. ஸ்ப்ளிட் டோனிங், ஆரஞ்சு அடுக்கு, டெக்ஸ்சர் ஒன்றும் கிடையாது. கடைக்காரரின் மகனுக்கு லேப்டாப்பில் காட்டியபோது, "இதுதான், ஆல்பமேதான்" என்றார்.

இதே வளைவு இன்னொரு கேள்விக்கும் பதில் சொன்னது. ஆல்பத்தில் மணப்பெண்ணின் கூரைச்சேலை மட்டும் எப்படி இன்னும் அத்தனை அழகாக நிற்கிறது? சிவப்பு நிறம் தாளில் மஜென்டாவும் மஞ்சளும் சேர்ந்து உண்டாவது. சயானுக்கு அங்கே வேலையே இல்லை, எனவே அது போனதால் சேலைக்கு நஷ்டமும் இல்லை. பச்சை என்பது சயானும் மஞ்சளும். சயான் போனால் பழுப்பாகிவிடும். நீலம் என்பது சயானும் மஜென்டாவும். அது ஒரு மாதிரி ரோஸில் முடியும். ஆல்பத்தைத் திரும்பப் புரட்டிப் பார்த்தோம். வாழைமரம் பழுத்த இலை நிறத்தில் இருந்தது. பக்கத்தில் நிற்கும் அத்தையின் சேலை இன்று அழுக்கு ரோஸ். அன்றைக்கு அது என்ன நிறம் என்று விசாரித்தால், "ஆனந்தா ப்ளூ" என்று உடனே பதில் வந்தது.

ஆக, கடைக்காரர் அந்த ஆல்பத்தில் ரசித்தது மங்கிய பின்னணியின் நடுவே மங்காமல் நிற்கும் ஒரு சேலையை. அவர் கேட்ட இரண்டு நிபந்தனையையும் ஆல்பம் சிவப்புச் சேலையில் ஏற்கனவே தீர்த்து வைத்திருந்தது. மற்ற நிறங்களுக்கு அதை நாங்கள் செய்ய வேண்டியிருந்தது. மாந்தோப்பு தேவைப்பட்டதும் இதற்குத்தான். சயான் போனால் முதலில் காட்டிக்கொடுப்பது இலைப் பச்சை. பின்னணியில் இலை பழுப்பேறியிருந்தால் கண் மொத்தப் படத்தையும் பழசு என்று ஏற்றுக்கொள்ளும், சேலை புதிதாக இருந்தாலும்.

சேலைக்குச் சேலை

அரக்கு, மாம்பழ மஞ்சள், குங்குமச் சிவப்பு மூன்றுக்கும் வயது அடுக்கை மறைப்பில்லாமல் அப்படியே விட்டோம். ஜன்னலில் வைத்து ஒப்பிட்டால் துணிக்கும் திரைக்கும் வித்தியாசம் சொல்லும்படி இல்லை.

பாட்டில் பச்சையையும் நீலத்தையும் மாஸ்க் (குறிப்பிட்ட இடத்தில் மட்டும் அடுக்கை மறைப்பது) போட்டு வயது அடுக்கிலிருந்து எடுத்ததும் வேறு தொல்லை. சேலை படத்திலிருந்து பிய்ந்து தெரிந்தது, வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியது போல. சுற்றிலும் நிழல்கள் எல்லாம் சிவந்திருக்க, மடிப்பின் நிழல் மட்டும் சுத்தக் கறுப்பாக இருந்ததுதான் காரணம். தீர்வு மாஸ்க்கில் இல்லை, அடியில் உள்ள படத்தின் வெளிச்சத்தைப் பார்த்து மேல் அடுக்கைக் காட்டும் ப்ளெண்ட் இஃப் அமைப்பில் இருந்தது. சேலைக்கென்று வயது அடுக்கின் நகல் ஒன்று போட்டு, லேயர் ஸ்டைல் பெட்டியில் அடி அடுக்கின் வெள்ளை முக்கோணத்தை ஆல்ட் அழுத்திப் பிளந்து, ஒரு பாதியை 25க்கும் மற்ற பாதியை 70க்கும் இழுத்தோம். அப்போது சிவப்பு மடிப்பின் ஆழத்தில் மட்டும் இறங்கும். வெளிச்சம் படும் துணி தன் நிறத்திலேயே நிற்கும். வாங்குகிறவர் நிறம் பார்ப்பது வெளிச்சம் பட்ட இடத்தைத்தான், மடிப்பின் அடியை யாரும் பார்ப்பதில்லை.

வாடாமல்லி வேறு ரகத் தலைவலி, ஃபிலிமுக்குச் சம்பந்தமில்லாதது. அந்த நிறத்தின் உச்சம், சாதாரணத் திரைகள் காட்டும் எஸ்ஆர்ஜிபி நிற எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. சிவப்பு சேனல் நிரம்பி, மடிப்புகள் எல்லாம் ஒரே தட்டையான ரோஸாகிவிடும். ரா நிலையிலேயே எக்ஸ்போஷரை இன்னும் இறக்கி, மஜென்டாவின் சேச்சுரேஷனைக் குறைத்து, அதன் லூமினன்ஸையும் (வெளிச்ச அளவு) தாழ்த்திய பிறகுதான் நூலோட்டம் திரும்ப வந்தது. அடர்த்தி முறை இங்கே பழைய நிறத்துக்காக இல்லாமல் துணியைக் காப்பாற்றவே உதவியது.

மயில்கழுத்துதான் கடைசிவரை ஒத்துழைக்கவில்லை. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம். மடிப்பு திரும்பத் திரும்பப் பச்சையும் நீலமும் மாறி மாறி அடிக்கும். அந்தச் சேலையில் நிழல் என்று எதைச் சொல்வது? மென்பொருள் நிழல் என்று நினைத்துச் சிவப்பேற்றிய இடம் இரண்டாவது நிறம். அது காய்ந்த சாணி நிறத்துக்குப் போனது. அதற்கு வயது அடுக்கை முழுக்கவும் எடுத்துவிட்டு, பின்னணியில் மட்டும் பாதி அளவு வைத்தோம்.

ஜரிகையைச் சுற்றி ஆரஞ்சு ஒளிவட்டம் வேண்டும் என்று மகன் கேட்டார். ஹாலேஷன் என்று அதற்குப் பெயர். அதிக ஒளி ஃபிலிமைத் துளைத்துப் போய் அடித்தளத்தில் பட்டுத் திரும்பி, சிவப்பை உணரும் அடுக்கில் கசிவது. அதைத் தடுக்கவே ஃபிலிமில் தனி அடுக்கு உண்டு, ஆல்பத்தில் எந்த நகையிலும் அந்த வளையம் இல்லை. இன்று படங்களில் அடிக்கடி பார்ப்பது, சினிமா ஃபிலிமின் பின்புறக் கரிப்பூச்சை நீக்கிவிட்டு விற்கும் ஃபிலிமின் பழக்கம். "கல்யாண ஆல்பத்துல இது வராதுங்க" என்று சொல்லி விட்டுவிட்டோம். ஜரிகை தங்கமாகத் தெரிவதா, தீப்பிடித்ததாகத் தெரிவதா என்று கேட்டதும் அவருக்கும் புரிந்தது.

வெளியீடு

கிரெயின் (ஃபிலிமில் தெரியும் பொடிப்பொடிப் புள்ளிகள்) சேர்ப்பதைக் கடைசிக்கு வைத்திருந்தோம். அஞ்சலட்டை அளவுப் பிரிண்டில் கிரெயின் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது, ஆல்பத்தில் இருந்தது தாளின் பட்டு போன்ற சொரசொரப்பு. ஆனாலும் துளி கிரெயின் இல்லாவிட்டால் கர்வ்ஸ் இழுத்த சுவர்களில் பட்டை பட்டையாக நிறம் பிரிகிறது. 50 சதச் சாம்பல் அடுக்கில் கிரெயின் போட்டு, சாஃப்ட் லைட்டில், இன்ஸ்டாகிராமுக்கு 1080 பிக்சலுக்குச் சுருக்கிய பிறகு சேர்த்தோம். சுருக்குவதற்கு முன் சேர்த்தால் கிரெயினும் சேர்ந்து குழைந்துவிடும். வாட்ஸ்அப் எப்படியும் ஜேபெக்கை இன்னும் கசக்கும் என்பதால் அந்தப் பிரதிக்குக் கிரெயினே கிடையாது.

ஃப்ளெக்ஸில் இந்த நிறம் எடுபடவில்லை. மாதிரி அடித்துப் பார்த்ததில் தூக்கிவிட்ட நிழல்கள், 'மை தீர்ந்துபோச்சா' என்று கேட்கும்படி வெளிறின. மஞ்சளேறிய வெள்ளை, புழுதி படிந்த பேனராகத் தெரிந்தது. கிருஷ்ணகிரி ரோட்டில் பஸ்ஸிலிருந்து பார்க்கிறவருக்கு அது பழைய ஆல்பமாகத் தெரியாது, பழைய பேனராகத்தான் தெரியும். ஃப்ளெக்ஸுக்கு வயது அடுக்கை அணைத்துவிட்டு, ஃபிலிம் அடர்த்தி அடுக்கு மட்டும் இருக்கும் பிரதியைக் கொடுத்தோம். அடுக்குகளைத் தனித்தனியாக வைத்ததன் பலன் இங்கே கிடைத்தது, ஒரே ப்ரீசெட்டில் குழைத்திருந்தால் எல்லாப் படத்தையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

படங்களைப் பார்த்த கடைக்காரர் ஒரு மாற்றம் மட்டும் சொன்னார். இன்ஸ்டாகிராமில் ஒவ்வொரு சேலைக்கும் முதல் படம் பழைய நிறத்தில் இருக்கட்டும், தள்ளினால் இரண்டாவதாக முந்தானையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து எடுத்த சாதாரணப் படம் வரட்டும் என்றார். ஆர்டர் எடுக்கும் பெண்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவது அந்த இரண்டாவது படத்தைத்தான். "மயில்கழுத்துக்கு என்ன பண்றதுங்கண்ணா?" என்று கேட்டேன். "அதை வீடியோ எடுத்துடு தம்பி, அந்தச் சேலையை ஆட்டிக் காட்டினாத்தான் விக்கும்" என்றார். அப்படியே எடுத்துக் கொடுத்தோம்.